மீதி முப்பது விநாடி

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவருக்குச் சேர்ப்பதுதான் வாழ்நாள் முழுவதும் நான் பார்த்த வேலை. சொந்தமாக நாலு வரி எழுதியது லீவு லெட்டரில் மட்டும்தான். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்னால் இந்த மருத்துவமனையின் டெலிபோன் போர்டிலிருந்து ஓய்வு பெற்றேன். அந்தக் கடைசி வாரத்தில் என்னோடு வேலை பார்த்த திவ்யா அழுதுகொண்டே வந்தாள். சாப்பாடு ஆர்டர் செய்து ஒரு மணி நேரம் காத்திருந்த அவள் தம்பி, 'இன்னும் பத்து நிமிஷத்துல பிரியாணி வரலன்னா கடையைக் கொளுத்திடுவேன்' என்று எல்லாரும் பார்க்கும்படி போனில் எழுதிப் போட்டிருக்கிறான். கடைக்காரர் அதைக் காட்டிப் புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் அவனைக் கூப்பிட்டு விசாரித்து, போனையும் வாங்கி வைத்துக்கொண்டது. "அது ஜோக்குன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் மேடம்" என்று திவ்யா திரும்பத் திரும்பச் சொன்னாள். எழுத்தில் அது தெரியாது என்று நான் சொன்னேன். எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று போர்டில் கூட இருந்தவர்கள் கேட்டார்கள். அப்போதுதான் தாமு என்ற ஒருவரின் விஷயத்தைச் சொன்னேன். மருத்துவமனையின் இந்த ஊழியர் மலரில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால், தொண்ணூறுகளில், நான் ஒரு பேஜர் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குப் பேஜர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். அதில் பேச முடியாது, பதிலும் அனுப்ப முடியாது. உங்களுக்குச் செய்தி சொல்ல நினைப்பவர் எங்கள் கம்பெனிக்கு போன் செய்து, பேஜர் எண்ணைக் கொடுத்து, செய்தியை வாயால் சொல்வார். நாங்கள் கேட்டு டைப் அடிப்போம். உங்கள் இடுப்பில் 'கீங் கீங்' என்று சத்தம் கேட்கும், சின்னக் கண்ணாடியில் எழுத்து ஓடும். ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். அழைப்பவர்களில் பாதிப் பேர் தமிழில்தான் பேசுவார்கள். அதை ஆங்கிலத்தில் மாற்றி அடிப்பது எங்கள் வேலை.

வேலையில் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. வேளச்சேரியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். லோயர் டைப்பிங் பாஸ். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். கிண்டியில் இறங்கி பஸ் மாறி, அடையாறில் ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் கோமதி மேடம். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றபின் இங்கே வந்தவர். மயிலாப்பூரில் வீடு. கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை கட்டி, காதோரம் கூராகச் சீவிய ஒரு பென்சில் செருகியிருப்பார். தனியாக ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அதட்டியதில்லை. ஏதாவது தவறினால் பென்சிலால் நாற்காலியின் முதுகில் இரண்டு முறை தட்டுவார். அவ்வளவுதான். இரண்டு தட்டு என்றால் 'படித்துக் காட்டு' என்று அர்த்தம்.

விதி சுலபமானது. சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். அடித்ததை அழைத்தவருக்குப் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும். கெட்ட வார்த்தையோ மிரட்டலோ இருந்தால் அனுப்பாமல் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். 

பெண்கள் பேசுகிறார்கள் என்று தெரிந்து வேண்டுமென்றே வம்பு பேச போன் செய்கிறவர்களும் இருந்தார்கள். அப்படி வந்தால் மேடம் ஹெட்ஃபோனை வாங்கிக்கொள்வார். "சொல்லுங்கோ, என் பேர் கோமதி. எனக்கு அறுபது வயசாறது. என்ன பேசணும்?" என்பார். மறுபக்கத்தில் உடனே போனை வைத்துவிடுவார்கள்.

சேர்ந்த முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. ஒரு பெரியவர் அழைத்து, "தம்பி பையன் பேஜர்ல போடும்மா. அப்பா தவறிட்டாரு, வீட்டுக்கு வான்னு" என்றார். சாவுச் செய்தியை அப்படிப் பச்சையாக எப்படி அடிப்பது? 'அப்பா சீரியஸ், உடனே வா' என்று அடித்துவிட்டேன். பின்னால் இரண்டு தட்டு விழுந்தது.

"ஏம்மா, அவர் சீரியஸ்னா சொன்னார்?"

"இல்ல மேடம், அந்தப் பையனுக்கு அதிர்ச்சியா இருக்குமேன்னு..."

"நீ சீரியஸ்னு போட்டா அவன் ஆத்துக்கா போவான்? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தேடிண்டு அலைவான். உனக்கு மனசு கேக்கலைன்னா அவர்ட்டயே கேளு, இப்படிப் போடலாமான்னு. அவர் சரின்னா மாத்து. நீயா மாத்தப்படாது. அவா வார்த்தை அவாளோடது."

பெரியவரிடம் கேட்டேன். 'உடனே வீட்டுக்கு வா, பெரியப்பா' என்று போடச் சொன்னார். அப்படியே போட்டேன்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்தும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அதற்கு ஓரளவு அந்தச் சிவப்பு விளக்கு காரணம். ஐந்து பேருக்கு மேல் லைனில் காத்திருந்தால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். மாதக் கடைசியில், ஒவ்வொரு ஆபரேட்டரும் ஒரு அழைப்புக்குச் சராசரியாக எத்தனை விநாடி எடுத்தார் என்று ஒரு தாள் ஒட்டுவார்கள். என் பெயர் எப்போதும் மேலே இருக்கும். பேசத் தெரியாதவளுக்குச் சுருக்கத் தெரிந்திருந்தது. ஒரு பக்கம் பேசுவதை ஒரு வரியில் அடித்துவிடுவேன். பக்கத்து சீட் விஜயா என்னை 'தந்தி' என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை. கூட்டம் அதிகமான நேரத்தில் படித்துக் காட்டுவதையும் விட்டுவிட ஆரம்பித்தேன்.

அன்று வியாழக்கிழமை, முகூர்த்த நாள். காலை பத்து மணியிலிருந்தே சிவப்பு விளக்கு அணையவில்லை. ஐயர் வரவில்லை, நாதஸ்வரக்காரர் எங்கே, ஐஸ்கிரீம் வண்டி எங்கே என்று ஊரே பேஜரில் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மணி சுமாருக்கு ஒருவர் அழைத்தார். இளவயதுக் குரல், பின்னால் தியாகராய நகர் பஸ்களின் சத்தம். எண்ணைச் சொல்லிவிட்டுச் செய்தியைச் சொன்னார்.

"பழனின்னு ஒர்த்தன்மா, பூ டெக்கரேசன் பண்றவன். நான் தாமு, மேடை போடறவன். அவனுக்கு இப்புடி போடு. மச்சி, காத்தாலருந்து உன் மூஞ்சியே காணோம். அஞ்சு மணிக்குள்ள பூ வரலன்னு வெச்சுக்கோ, மண்டபத்துக்கு நானே பாம் வெச்சுட்டு, மொத ஆளா நானே அது மேல ஏறி குந்திக்கிறேன். பொண்ணு வூட்டுக்காரங்க கையால சாவறதுக்கு அது எவ்ளோ மேலு. பூ வராட்டியும் பரவால்ல மச்சி, எனக்குப் போடற மாலையாவது டைமுக்கு எட்த்துகினு வா."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "இன்னாம்மா, போட்டுட்டியா?" என்றார். "போட்டாச்சுங்க" என்று சொல்லி அடுத்த லைனை எடுத்தேன். நான் அடித்தது இவ்வளவுதான்: 'ஐந்து மணிக்குள் பூ வரவில்லையென்றால் மண்டபத்தில் வெடிகுண்டு வைப்பேன். தாமு.' அதை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் அடித்தேன். படித்துக் காட்டவில்லை.

மதியம் சாப்பிடும்போது அந்த மாலை ஜோக்கை விஜயாவிடமும் மற்றவர்களிடமும் அப்படியே சொல்லிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருக்கு மட்டும் நான் அதை அனுப்பவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு கான்ஸ்டபிள்களோடு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். என்ன நடந்தது என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. பழனி முந்தின நாள் சாயங்காலம் மேடையை அளக்க மண்டபத்துக்கு வந்தபோது, பேஜரைக் கழற்றி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு மறந்து போய்விட்டார். செய்தி வந்தபோது பேஜர் அந்த மேஜையில்தான் கத்தியிருக்கிறது. மேனேஜர் எடுத்துப் படித்திருக்கிறார். அன்று காலைதான் அவருக்கும் தாமுவுக்கும் சுவரில் ஆணி அடிப்பது பற்றிச் சண்டை. போதாததற்கு மாலை வரவேற்புக்கு ஒரு மந்திரி வருவதாக இருந்தது. வெடிகுண்டு என்ற வார்த்தைக்கே ஊர் பயந்துகிடந்த காலம் அது. மேனேஜர் போலீசுக்கு போன் செய்துவிட்டார். மண்டபத்தைக் காலி செய்து, மோப்ப நாயை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். எதிரே டீக்கடையில் நின்றிருந்த தாமுவைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரிலிருந்து அந்தச் செய்தியை அச்செடுத்து வாங்கிக்கொண்டார். பேச்சைப் பதிவு செய்யும் வசதி எங்கள் கம்பெனியில் இல்லை. அந்த ஒரு வரிதான் சாட்சி. யார் அடித்தது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"இதானே அவன் சொன்னது?"

முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும். காக்கிச் சட்டைகளையும், திரும்பிப் பார்த்த இருபது முகங்களையும் பார்த்ததும் பயந்துவிட்டேன். "ஆமா சார்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தாமுவை சைதாப்பேட்டை கோர்ட்டில் நிறுத்தினார்கள். மிரட்டல் வழக்கு. ரிமாண்ட் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை தாமுவின் அக்கா கஸ்தூரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாலு வீட்டில் வேலை செய்கிறவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் தம்பியின் காகிதங்கள். வாட்ச்மேன் தடுத்தும் மேலே வந்துவிட்டார். மேடம் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"எம்மா, என் தம்பி சொன்னத டைப்பு அடிச்ச பொண்ணு யாரும்மா? நான் சண்டைக்கு வர்ல. அவன் சிரிச்சுகினேதான் சொன்னானாம். கேட்ட பொண்ணும் சிரிச்சுதாம். ஜெயில்ல பாக்கப் போனா அதையே சொல்லிகினு கீறான். அந்தப் பொண்ணு வந்து சிரிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்மா."

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அரசு பஸ்ஸில் டிரைவர் வேலைக்குத் தாமு தேர்வாகியிருந்தார். கனரக லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்தது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள், தன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் சேர முடியும் என்று அதில் எழுதியிருந்தது.

நான் என் சீட்டில் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்து அழைப்புகளை எடுத்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தட்டு விழவில்லை. மேடம் என் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, டிபன் அறைக்குக் கூட்டிப்போனார். கையில் வியாழக்கிழமை அச்சடித்த பட்டியல் இருந்தது. ஒவ்வொரு அழைப்பும் எத்தனை விநாடி என்று அதில் இருக்கும். ஒரு வரியின் கீழே பென்சில் கோடு.

"இந்தக் கால் மொத்தம் நாப்பத்தெட்டு செகண்ட். வணக்கம் சொல்லி நம்பர் வாங்க பத்து. இந்த ஒரு வரியைச் சொல்ல எட்டு. படிச்சுக் காட்டினியா?"

"இல்ல மேடம்."

"அப்போ மீதி முப்பது செகண்ட் எங்கேம்மா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. காணாமல் போன ஒரு பொருளை இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம் என்பது போலக் கேட்டார். "அவர் பேசினார் மேடம். நான் சிரிச்சேன்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகு காதோரப் பென்சிலை எடுத்து, ஒரு தாளோடு என்முன் வைத்தார்.

"எழுது. அவன் சொன்னது ஒண்ணு விடாம. தமிழ்லயே எழுது, அவன் பாஷையிலேயே. நாகரிகமா மாத்தாதே. நாளைக்கு மறந்துடும்."

எனக்கு மறக்கவில்லை. மதியச் சாப்பாட்டில் சொல்லிக் காட்டிய ஜோக் அல்லவா. விஜயாவும் படித்துப் பார்த்து, அன்று நான் சொன்னது இதேதான் என்று கையெழுத்துப் போட்டாள். மேடம் வேறு ஒரு தாளில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை நான் படித்தேன். 'படித்துக் காட்டும் விதியை ஆபரேட்டர் மீறினார். கூட்ட நேரங்களில் அவர் மீறுவது எனக்குத் தெரியும். விளக்கு அணையட்டும் என்று நான் கண்டுகொள்ளாமல் விட்டேன். தவறில் பாதி என்னுடையது.' அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருக்கக்கூடிய மேலதிகாரிகளின் கீழே பிற்பாடு நிறைய வருஷம் வேலை பார்த்துவிட்டேன். அதனால்தான் அந்தக் கடிதத்தின் மதிப்பு எனக்குத் தெரிகிறது.

கஸ்தூரியையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் நான், "வேலையை விட்டு எடுத்துடுவாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம். அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தப் பையன் வெளில வரணும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். தாளை வாங்கிப் படிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கே கேட்டேனேம்மா, இதானேன்னு. ஆமான்னு சொன்ன. உன்னோட அந்த ஒரு ஆமாவ வெச்சுத்தான் கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தேன். இப்ப வந்து வேறன்னா?"

மேடம்தான் பேசினார். "பயந்துட்டா சார். பயந்தது தப்புதான். அதுக்கு அவளைத் திட்டுங்கோ. இதைப் படிச்சுட்டுத் திட்டுங்கோ."

அவர் படித்தார். எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல், ஸ்டேஷன் காகிதம் படிப்பது போலச் சத்தமாகவே படித்தார். 'மொத ஆளா நானே அது மேல ஏறி குந்திக்கிறேன்' என்ற இடத்தில், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். "சிரிக்காதய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். மாலை வந்த இடத்தில் அவரே நிறுத்தி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"இத அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா, வாயக் கொஞ்சம் அடக்குடான்னு நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு எங்களை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். வழக்குப் பதிவு செய்தாகிவிட்டது, கிழித்துப் போட முடியாது. ஜாமீனுக்கு அவர் தடை சொல்ல மாட்டார். என் வாக்குமூலத்தை எழுதி, தவறான புரிதலால் வந்த வழக்கு என்று கோர்ட்டுக்கு அறிக்கை கொடுப்பார். அதன்மேல் புகார் கொடுத்த மண்டப மேனேஜருக்கு நோட்டீஸ் போகும். அவர் ஆட்சேபித்தால் வழக்கு இழுக்கும். பதினைந்தாம் தேதி தாண்டிவிடும்.

"மேனேஜர் கோவமா கீறாரா சார்?" என்று கஸ்தூரி கேட்டார்.

"கல்யாண வீட்டு ஜனத்த சாயங்காலம் வரைக்கும் ரோட்டுல நிக்கவெச்சா கோவம் வராதா?" என்றார் இன்ஸ்பெக்டர். பூ அன்று நாலரை மணிக்கே வந்துவிட்டதாம். போலீஸ் உள்ளே விடாததால் வேனிலேயே வாடியதாம்.

செவ்வாய்க்கிழமை தாமு ஜாமீனில் வெளியே வந்தார். இன்ஸ்பெக்டர் சொன்ன வாக்குப்படி பத்தே நாளில் அறிக்கை கொடுத்தார். எனக்கும் மேடத்துக்கும் கம்பெனி மெமோ கொடுத்தது. மேடம் தன்னுடையதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலிகளின் பின்னால் நடக்கப் போய்விட்டார். கோர்ட்டில் விசாரணைக்கு எடுத்தது அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி.

சைதாப்பேட்டை கோர்ட்டில் அன்று நல்ல கூட்டம். மேனேஜர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கணக்காக மடித்த நோட்டீஸ். தாமுவை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தார். யார் பக்கமும் திரும்பவில்லை.

நீதிபதி ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் அண்ணாச்சி, "உண்டுங்கய்யா" என்றார். "பாம் வைப்பேன்னு எழுத்துல வந்துருக்கு. நானா எழுதினேன்? இன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேம்பான். நாளைக்கு நெசமாவே எவனாவது வச்சாலும் விளையாட்டும்பான். எனக்கு மண்டபத்துல ஆயிரம் பேரு உயிருக்குப் பொறுப்பு இருக்குல்லா?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீதிபதி என் வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆபரேட்டர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். முன்னால் போய் நின்றேன்.

"இதுல எழுதியிருக்கீங்க. ஆனா அவர் கேக்கணும். அன்னிக்கு போன்ல எப்படிக் கேட்டீங்களோ அப்படியே சொல்லுங்க."

வக்கீல்கள், போலீஸ்காரர்கள், வேறு வழக்குக்கு வந்தவர்கள் என்று அறை முழுக்க ஆட்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பாட்டுகூட எழுந்து நின்று ஒப்பித்ததில்லை. "ஐந்து மணிக்குள்ள பூ வரலன்னா..." என்று ஆரம்பித்து, வழக்கம்போல ஒரே வரியில் முடித்துவிட வாய் போனது. திரும்பி மேடத்தைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, மடியிலிருந்த கைப்பையின்மேல் இரண்டு முறை தட்டினார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கேட்டது மாதிரிதான் இருந்தது.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். மச்சி என்றேன். மூஞ்சியே காணோம் என்றேன். குந்திக்கிறேன் என்று சொல்லும்போது காது இரண்டும் சுட்டது. அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தி, எங்கே இழுத்தாரோ அங்கே இழுத்து, 'எனக்குப் போடற மாலையாவது டைமுக்கு எட்த்துகினு வா' என்பது வரை சொன்னேன். "அதுக்கு நான் சிரிச்சேங்க. அவரும் சிரிச்சாரு" என்று முடித்தேன்.

பின்னால் சிரிப்பு கிளம்பி, பெஞ்சு கிளார்க் அதட்டி அடக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவ்வளவும் சொன்னானா?"

"ஆமாங்க."

"அந்த மாலைய ஏம்மா விட்ட? அது ஒண்ணு இருந்திருந்தா நான் போனையே தொட்டிருக்க மாட்டேனே." பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "ஆட்சேபணை இல்லைங்கய்யா" என்றார்.

நீதிபதி அறிக்கையை ஏற்று வழக்கை முடித்தார். தாமுவிடம், இனி யாரிடமாவது ஜோக் சொல்ல வேண்டுமென்றால் நேரில் போய்ச் சொல்லும்படி சொன்னார். "சரிங்கய்யா" என்றார் தாமு, தலையைத் தூக்காமல்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்முன் போய் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"இன்னாக்கா ஞாபகம் உனக்கு. நானே பாதி மறந்துட்டேன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அஞ்சு ராத்திரிக்கா" என்றார்.

"சரி வுட்றா. அதான் வந்து சொல்லிச்சே" என்று கஸ்தூரி அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உத்தரவு நகல் வாங்கக் கூட்டிப் போனார். அவரைப் பிடித்துப்போன வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான்.

திரும்பும்போது ஆட்டோவில் நானும் மேடமும் மட்டும்தான். அவர் என்னைப் பாராட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. மயிலாப்பூரில் இறங்கும்போது, "நாளைக்கு உனக்கு மார்னிங் ஷிஃப்ட். லேட் பண்ணாதே" என்றார்.

மறுநாள் பதினாலாம் தேதி. தாமு சான்றிதழை வாங்கிப் போய்க் கொடுத்துவிட்டார் என்று கஸ்தூரி போன் செய்து சொன்னார். அன்றும் முகூர்த்த நாள். ஒவ்வொரு செய்தியையும் முழுவதும் அடித்து, முழுவதும் படித்துக் காட்டினேன். காலை முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. மேடம் பின்னால் நடந்துகொண்டிருந்தார். பென்சில் காதிலேயே இருந்தது.